மூச்சு வாங்கும் முன்னாள் படைவீரர் சரியான நிபுணரிடம் போய்ச் சேர்வது எப்படி?

படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் காட்டுகிறார். வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது, பழைய சிகரெட் பழக்கம் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி ஓர் இன்ஹேலரோ ரத்த அழுத்த மாத்திரையோ எழுதித் தருகிறார்கள். அடுத்த வருடமும் அதே இருமல், அதே மாத்திரை. நுரையீரல் நிபுணரோ இதய நிபுணரோ அவரை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இப்போதுதான் சீருடையைக் கழற்றியவர்களுக்கும், அவர்களுக்காக மருத்துவமனை வரிசையில் நிற்கும் குடும்பத்தாருக்கும் இதை எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பெயர் மாறும், படிவம் மாறும். ஆனால் ஆள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். தூரம், காத்திருப்பு, செலவு ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: பணியில் நீங்கள் எதைச் சுவாசித்தீர்கள் என்பது உங்கள் மருத்துவக் கோப்பில் எங்கேயும் எழுதப்படவில்லை. பொது மருத்துவர் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. அது எழுதப்படும் வரை நிபுணரின் கதவு மெதுவாகத்தான் திறக்கும்.

அவசரம் என்றால் இதையெல்லாம் விட்டுவிடுங்கள்

நெஞ்சில் அழுத்தம், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, இருமலில் ரத்தம், திடீர் மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் ரெஃபரல் (நிபுணரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம்), அப்பாயின்ட்மென்ட் எதுவும் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாரடைப்பு என்றால், மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று தேடும் நேரம் அது கிடையாது.

தகவல் சொல்வது அப்புறம். அதற்கும் ஒரு கெடு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான இந்தியாவின் இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில், பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் பாலிக்ளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவின் படைவீரர் நலத்துறைக்கு 72 மணி நேரத்துக்குள். உங்கள் திட்டத்தின் கெடுவையும் தொலைபேசி எண்ணையும் வீட்டில் இருப்பவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் பேசப்போவது நீங்களாக இருக்காது.

பணி வரலாறு, ஒரே தாளில்

இந்த வழிகாட்டியில் ஒரு வேலையை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், என்ன வேலை, அங்கே என்ன புகை அல்லது தூசி, ஒரு நாளில் எவ்வளவு நேரம், முகமூடி இருந்ததா என்று வரிசையாக எழுதுங்கள். பதவிப் பெயர் மருத்துவருக்கு எதையும் சொல்லாது. "கப்பலின் எஞ்சின் அறையில் குழாய்களின் மேலுறையைப் பிரித்து மாட்டும் வேலை, ஆறு ஆண்டு" என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்காருவார். பழைய கப்பல்களில் கொதிகலனையும் குழாய்களையும் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் பாதிப்பு 20, 30, சில சமயம் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் மட்டுமா? திறந்த குழிகளில் பிளாஸ்டிக், பெயின்ட், மருத்துவக் கழிவு, எரிபொருள் என்று எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திய புகை, பாலைவன மணல் தூசி, பாறையையும் கான்கிரீட்டையும் உடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா, மூடிய கொட்டகையில் ஓடிய டீசல் வண்டிகள், வெல்டிங் புகை, விமான எரிபொருளின் ஆவி, புகைக் குண்டுகள், எல்லாமே கணக்கில் வரும். உயரமான மலைகளில் நீண்ட நாள் பணி செய்தவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். அங்கே ஒருமுறை நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அதற்கு அடிக்கோடிடுங்கள். ஆக்சிஜன் குறைவான இடத்தில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த அழுத்தம் இதயத்தின் வலது பக்கத்தின் மேல் விழும்.

இதயத்துக்கும் பணி வரலாறு உண்டு. வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லிக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அரசு 2010ல் ஏற்றது. உயர் ரத்த அழுத்தத்தைச் சேர்க்க 2022 வரை ஆனது. போர் அதிர்ச்சியால் வரும் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதல் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. தூக்கமின்மை, கெட்ட கனவு, திடீர்ப் படபடப்பு இருந்தால் அவற்றையும் இதே தாளில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சிகரெட் கணக்கை மறைக்காமல் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை வருடம், இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணைத்தான் மருத்துவர்கள் கேட்பார்கள். அரைப் பாக்கெட் வீதம் 20 வருடம் என்றால் 10. அமெரிக்க வழிகாட்டுதலின்படி, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, இந்த எண் 20 அல்லது அதற்கு மேல் போய், இன்னும் புகைப்பவர்களுக்கும் விட்டு 15 வருடம் ஆகாதவர்களுக்கும் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்து நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சிகரெட் பிடித்தவர் என்பதால் பணியில் சுவாசித்த புகை கணக்கில் இல்லாமல் போய்விடாது. இரண்டையும் அருகருகே எழுதிக் கொடுங்கள், எடை போடுவது நிபுணரின் வேலை.

பழைய பதிவேடுகளைக் கையில் வாங்குங்கள்

படையை விட்டு வரும்போதே முழு மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது. வந்த பிறகும் எழுதிக் கேட்கலாம், நாள் பிடிக்கும், அவ்வளவுதான். முக்கியமாக வேண்டியவை: சேரும்போது நடந்த பரிசோதனை, விடைபெறும்போது நடந்தது, இடையில் எடுத்த ஈசிஜி, எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், படையில் சேர்கிறவர்களில் பலருக்கு நுரையீரல் சராசரிக்கு மேல் இருக்கும். 25 வயதில், தன் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 110 விழுக்காடு ஊதியவர் இன்று 85 ஊதினால் அறிக்கையில் "இயல்பு" என்றே வரும். தன்னிடம் இருந்ததில் கிட்டத்தட்ட கால் பங்கை அவர் இழந்துவிட்டார். பழைய அறிக்கை பக்கத்தில் இருந்தால்தான் அது தெரியும்.

இயல்பு என்று வந்த அறிக்கையோடு வீட்டுக்குத் திரும்பி விடாதீர்கள் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணி செய்து, காரணம் புரியாத மூச்சிரைப்போடு வந்த 80 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வு 2011ல் வெளியானது. 49 பேருக்கு நுரையீரல் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். 38 பேருக்குச் சின்னஞ்சிறு காற்றுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய். அவர்களுடைய நெஞ்சு எக்ஸ்ரே இயல்பாகவே இருந்தது. பலர் 2003ல் மோசுல் அருகே மிஷ்ராக் கந்தகச் சுரங்கம் எரிந்தபோது அந்தப் புகையில் நின்றவர்கள். முன்பு ஓட முடிந்தவர் இன்று ஓட முடியாமல் போனதையே அந்த மருத்துவர்கள் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மருத்துவரும் அப்படி எடுத்துக்கொள்ள, ஓட முடிந்த காலத்தின் பதிவு வேண்டும்.

திட்டத்தில் பெயரைப் பதியுங்கள், உரிமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். 2003ல் தொடங்கிய இந்தியாவின் இசிஎச்எஸ்ஸில் முதலில் பாலிக்ளினிக், அங்கிருந்து ராணுவ மருத்துவமனைக்கோ பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ ரெஃபரல். பிரிட்டனில் உள்ளூர்ப் பொது மருத்துவரிடம் பதிந்து, படைவீரர் என்பதைக் கோப்பில் குறிக்கச் சொல்ல வேண்டும். பணியால் வந்த நோய்க்கு, மருத்துவத் தேவையைப் பொறுத்து, முன்னுரிமை உண்டு. ஆஸ்திரேலியாவில் படைவீரர்களுக்குத் தரும் வெள்ளை அட்டைக்கு ஏற்கப்பட்ட நோய்களுக்கான சிகிச்சை, தங்க அட்டைக்கு எல்லா நோய்களுக்குமான சிகிச்சை.

அமெரிக்காவில் 2022 ஆகஸ்ட்டில் கையெழுத்தான பேக்ட் சட்டம் பெரிய மாற்றம். எரிகுழிப் புகையில் பணி செய்தவருக்குச் சிஓபிடி (காற்றுக்குழாய்கள் நாள்பட்டுக் குறுகும் நோய்), நுரையீரல் தழும்பு நோய், பணிக்குப் பின் கண்டறிந்த ஆஸ்துமா போன்றவை இருந்தால், பணியால்தான் வந்தது என்று அவர் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. அங்கே படைவீரர் நலத்துறையின் மருத்துவச் சேவையில் பதிந்த எல்லோருக்கும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நச்சுப்பொருள் பற்றிய கேள்விப் பரிசோதனை உண்டு. நடக்கவில்லை என்றால் கேளுங்கள். துறையின் நிபுணரைப் பார்க்க 28 நாளுக்கு மேல் காத்திருக்கவோ சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட்டவோ நேர்ந்தால், வெளியில் இருக்கும் நிபுணரைத் துறையின் செலவில் பார்க்கக் கேட்கலாம்.

எந்த நாடாக இருந்தாலும் அலுவலகத்தில் கேட்க வேண்டியது இதுதான்: ரெஃபரலை யார் எழுத வேண்டும், அது எத்தனை நாள் செல்லும், எத்தனை நாளுக்குள் நிபுணரைக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா, அந்த நாள் தாண்டினால் மாற்று வழி என்ன, பயணச் செலவு கிடைக்குமா. பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மருத்துவரிடம் எப்படிப் பேசுவது

"பரவாயில்லை, சமாளிக்கிறேன்." படையில் ஆண்டுக்கணக்கில் பழகிய இந்தப் பதில் மருத்துவர் அறையில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். வலியை மிகைப்படுத்தத் தேவையில்லை. இழந்ததைச் சொன்னால் போதும். போன வருடம் மூன்று மாடி நிற்காமல் ஏறினேன், இப்போது முதல் மாடியிலேயே நிற்கிறேன். சமதரையில் மனைவியோடு நடந்தால் பின்தங்கிவிடுகிறேன். நூறு மீட்டரில் நின்று மூச்சு வாங்குகிறேன். உடை மாற்றினாலே இரைக்கிறது. மருத்துவர்கள் மூச்சிரைப்புக்கு 0 முதல் 4 வரை போடும் படிநிலையே ஏறக்குறைய இந்த வாக்கியங்கள்தான். "எனக்கு எத்தனை போடுகிறீர்கள், கோப்பில் எழுதுங்கள்" என்று கேட்கலாம்.

இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள், தூக்கத்தில் மூச்சு முட்டி எழுகிறீர்களா, மாலையில் கால் வீங்குகிறதா என்பவை இதயத்தை நோக்கிக் கைகாட்டும். சளி, இழுப்பு, புகை பட்டால் வரும் இருமல் நுரையீரலை நோக்கி. எது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போனால் நல்லது. ராத்திரி நீங்கள் எப்படி இரைக்கிறீர்கள் என்பது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

ரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

நிபுணரிடம் அனுப்பும் முன்பே சில சோதனைகளை எடுக்கச் சொல்லுங்கள்: காற்றுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி, நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்த சோகை உண்டா என்று பார்க்க ஹீமோகுளோபின், இதயச் செயலிழப்பைச் சந்தேகித்தால் பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை. இவை இல்லாமல் போனால், "எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று முதல் சந்திப்பே வீணாகும்.

ரெஃபரல் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்க வேண்டும்

"மூச்சிரைப்பு, தயவுசெய்து பார்க்கவும்" என்ற கடிதம் குவியலின் அடியில் போய்விடும். வருகிற கடிதங்களைப் படித்து யாருக்கு அவசரம் என்று பிரிக்கிறவருக்குத் தகவல் வேண்டும். மருத்துவரிடம் பணிவாக இப்படி எழுதக் கேளுங்கள்:

"58 வயது, முன்னாள் கடற்படையினர். எஞ்சின் அறையில் 6 ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு இருந்திருக்கலாம். 14 மாதமாக மூச்சிரைப்பு கூடிவருகிறது, இப்போது நூறு மீட்டரில் நிற்கிறார். எக்ஸ்ரே இயல்பு, ஸ்பைரோமெட்ரி இணைப்பில். நுரையீரல் தழும்பு நோய் உள்ளதா, உயர்தர சிடி ஸ்கேனும் வாயுப் பரிமாற்றச் சோதனையும் தேவையா என்று அறிய விரும்புகிறேன்."

இத்தோடு உங்கள் ஒரு தாள் பணி வரலாற்றை இணையுங்கள். கடிதத்தின் நகல் உங்களுக்கும் வேண்டும். அனுப்பிய தேதி, யாருக்கு அனுப்பினார்கள், கோப்பு எண் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நீங்களே அழையுங்கள். காணாமல் போன கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும், முன்னாள் படைவீரர் சங்கங்களும் அப்போதுதான் உதவ முடியும்.

தூரம்

நிபுணர் பல மணி நேரப் பயணத்தில் இருந்தால், எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். இதயத்தின் எக்கோ ஸ்கேன், ஸ்பைரோமெட்ரி, நடைச் சோதனை போன்றவற்றுக்கு ஆள் போகத்தான் வேண்டும். அறிக்கையைப் பார்த்துப் பேசுவது, மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது, மறுபரிசீலனை ஆகியவற்றைக் காணொளியில் முடிக்கலாம். உங்கள் மருத்துவரே நிபுணருக்கு மின்வழியில் எழுதி ஆலோசனை பெறும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003ல் தொடங்கிய 'எக்கோ' என்ற பெயருள்ள திட்டம் (ஸ்கேனுக்கும் இதற்கும் தொடர்பில்லை), கிராமப்புற மருத்துவர்களைக் காணொளி வழியே நிபுணர்களோடு இணைத்தது. அமெரிக்கப் படைவீரர் நலத்துறையும் அதைப் பின்பற்றியது. உங்கள் கிளினிக்கில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

போக வேண்டிய நாளில் எல்லாச் சோதனைகளையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லுங்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடும் பட்டியலிலும் பெயரைச் சேருங்கள்.

இரண்டு நிபுணர்கள், ஒரே நோயாளி

நுரையீரல் நோயும் இதய நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். இதய நிபுணர் "இதயம் நன்றாக இருக்கிறது" என்பார், நுரையீரல் நிபுணர் "இந்த அளவு நோய் இவ்வளவு மூச்சிரைப்பைத் தராது" என்பார், நோயாளி நடுவில் நிற்பார். இந்த இடத்தில் ஒரு சோதனையைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: இதய-நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனை. முகமூடி மாட்டி சைக்கிளோ டிரெட்மில்லோ ஓட்டவைத்து, எந்த உறுப்பு முதலில் தடுக்கிறது என்று பார்ப்பார்கள்.

மருந்துப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அது இருவர் கையிலும் இருக்க வேண்டும். இதயத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர்களில் இதயத்தை மட்டும் குறிவைப்பவை சிஓபிடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும், ஆனாலும் நுரையீரல் நோய் என்ற பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், இருவரிடமும் கேளுங்கள். அப்புறம் வலி மாத்திரை. பழைய முழங்கால், முதுகு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போட்டுக்கொள்ளாத முன்னாள் வீரர் குறைவு. கடையில் வாங்குவதால் அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. இதயம் பலவீனமானவரின் உடம்பில் அது நீரைத் தேக்கி, நோயை மோசமாக்கும்.

நிபுணரைப் பார்க்கும் நாளும் அதற்குப் பிறகும்

ஸ்பைரோமெட்ரிக்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நடைமுறையில் பயன்படுத்தும் எல்லா இன்ஹேலர்களையும் எடுத்துப் போய், இழுத்துக் காட்டுங்கள். தவறாக இழுப்பதாலேயே மருந்து வேலை செய்யாமல் போவது அதிகம். நோயின் பெயர் உறுதியா சந்தேகமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணியோடு தொடர்பு இருக்கலாம் என்று நிபுணர் கருதினால் அதைக் கடிதமாகக் கேளுங்கள். அமெரிக்க முறையில், பணியால் வந்திருக்க வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று காரணத்தோடு எழுதினாலே போதும், நூறு விழுக்காடு உறுதி தேவையில்லை.

மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி நிபுணர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். சிஓபிடிக்கு வாரம் இரண்டு முறையாவது, ஆறு முதல் எட்டு வாரம் மேற்பார்வையில் பயிற்சி செய்தால் நடக்கும் தூரமும் மூச்சும் தெளிவாக மேம்படும். மாரடைப்புக்கோ பைபாஸுக்கோ பிறகு இதயத்துக்கும் இதுபோன்ற பயிற்சி உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 36 அமர்வுகள். மாத்திரைக்குச் சமமான சிகிச்சை இது. இருந்தும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை. உடற்பயிற்சியில் ஊறிய உங்களைப் போன்றவர்களுக்கு இது இயல்பாகவே பிடிபடும்.

வீட்டில், இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அன்றே அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அது தொடர்ந்து அப்படியே இருந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன் தேவையா என்று பார்ப்பார்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகச்சாயம் இருந்தாலோ எண் தப்பாக வரும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம், எனவே எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால் மூச்சையே நம்புங்கள்.

கொஞ்ச நாளில் நிபுணர் உங்களைப் பொது மருத்துவரிடமே திருப்பி அனுப்புவார். அந்தக் கடைசிச் சந்திப்பில், எந்த அறிகுறி வந்தால், எந்த எண் தாண்டினால், புதிய ரெஃபரல் இல்லாமல் நேராக அவர் கிளினிக்கையே அழைக்கலாம் என்று கேளுங்கள். பதிலை டிஸ்சார்ஜ் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அழைக்க வேண்டிய எண்ணோடு.